அருகு எடுக்கச் சொன்னது யாரு?

ஓபன்னு பேரு வெச்சிட்டு கேட்ட இழுத்துப் பூட்டினவனுங்களப் பத்தி நான் இன்னா நல்லதா சொல்லப் போறேன்? 'கல்வராயன் ஓபன் கோல்ஃப் போட்டி'ன்னு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் வழிநெடுக போர்டு. அதப் பாத்துட்டு ஷேர் ஆட்டோ புடிச்சி வந்த சனத்த கேட்டுலயே நிறுத்தி, "பாஸ் இருக்குதா?"ன்னு கேட்டு திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. "ஓபன்னா இன்னாய்யா?"ன்னு வாட்ச்மேனக் கேட்டேன். "அது வெளையாடறவங்களுக்கு, பாக்கறவங்களுக்கு இல்ல"ன்னான். அந்த வெளையாட்டுக்காரனும் பாஸ் காட்டிட்டுத்தான் உள்ள போனான்.

என் பேரு சின்னதுரை. அந்தக் கேட்டுக்கு எதுர்ல, பஸ்சு நிக்கிற எடத்துல டீக்கடை வெச்சிருக்கேன். போட்டி முடியற வரைக்கும் உள்ளாற டீ ஊத்துற வேலை எனக்குத்தான். அதனால நடந்தது அத்தனையும் கெட்டிலும் கையுமா நின்னு பாத்தவன். நான் லேசுல எவனையும் நம்ப மாட்டேன். பால்காரன நம்ப மாட்டேன், கரண்டு பில்ல நம்ப மாட்டேன், ஓசியில பேப்பர் படிக்க வர்றவன சுத்தமா நம்ப மாட்டேன். அப்பேர்ப்பட்ட என்னையே அந்தக் கிளப்புக்காரங்க சந்தேகப்படறதுல தூக்கி சாப்ட்டாங்க.

கிளப்பு இருக்குற எடம் முன்ன சுப்புராயன் ஐயாவோட நெலம். மரவள்ளியும் மல்லாட்டையும், அதான் வேர்க்கடலை, போட்டுக்கினு இருந்தாரு. கம்பெனி வந்து வெல பேசுச்சு, குடுத்துட்டாரு. கையோட அவர கிளப்புக்கு வைஸ் பிரசிடெண்டும் ஆக்கிட்டாங்க. வெள்ள வேட்டி போயி வெள்ள பேன்ட்டு வந்துச்சு. அந்த நெலத்துல களை எடுத்து வயிறு கழுவிக்கினு இருந்தவங்களுக்குத்தான் ஒண்ணும் வரல. பாதி சனம் சின்னசேலத்துல ரயிலேறி பெங்களூருக்கு சிமெண்டு சட்டி தூக்கப் போயிருச்சு.

போகாம நின்னவங்க தைலம்மா அக்காவும் அது கூட்டத்துப் பொம்பளைங்களும். அக்காவையும் சேத்து ஏழு பேரு. களை எடுக்குறதுல அக்காதான் அவங்களுக்குத் தலைவி. கிளப்புக் கேட்டுல போயி நின்னு, நின்னு, வர்ற கார் எல்லாத்தையும் கும்பிட்டு, கடைசியில ஏழு பேருக்கும் உள்ள வேலை வாங்கிக் குடுத்துச்சு. கல்லு பொறுக்குறது, மணலு சுமக்குறது, குப்ப அள்ளுறது. "இந்த வேலையும் போச்சுன்னா பெங்களூருதான்டா தொர. மத்த ஆறு பேரையும் நான்தான கூட்டியாந்தேன், நான்தான பதில் சொல்லணும்"னு ஒரு நாள் எங்கிட்ட சொல்லிச்சு. அந்த பயம் அதுக்கு எப்பவும் உண்டு.

ஆட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிடறேன், இல்லன்னா புரியாது. ஒரு சின்ன வெள்ளப் பந்த மட்டையால அடிச்சி அடிச்சி தூரத்துல இருக்குற குழியில போடணும். அந்த மாதிரி பதினெட்டு குழி. கம்மியா அடிச்சவன் ஜெயிச்சான். "அப்ப அடிக்காமலே வூட்டுல இருந்துட்டா?"ன்னு தைலக்கா கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். குழிய சுத்தி மட்டும் ஒரு வட்டத்துல தனிப் புல்லு வெச்சி, தலைமுடி மாதிரி ஒட்ட வெட்டி வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு கிரீன். அங்க பந்த தூக்கி அடிக்கக் கூடாது, மெதுவா உருட்டணும். அதுக்குன்னு தனி மட்டை. இந்த உருட்டுற மட்டையிலதான் இத்தினி கூத்தும்.

மட்டையும் பந்தும் விக்கிற கம்பெனிங்க ரெண்டு வந்திருந்துச்சு. பேரு ரெண்டும் என் வாயில நுழையல. ஒருத்தன் ஆளுங்களுக்கு சிவப்புத் தொப்பி, இன்னொருத்தன் ஆளுங்களுக்கு நீலத் தொப்பி, அதனால அப்படியே சொல்றேன். சிவப்புத் தொப்பி புதுசா ஒரு மட்டை கொண்டாந்தான்: 'புல்லின் நாடியைப் படிக்கும் மட்டை'. நீலத் தொப்பி புதுசா ஒரு பந்து கொண்டாந்தான்: 'புல் இருப்பதையே அறியாத பந்து'. வெளையாடறவனுங்கள்ல பாதி பேருக்கு இவன் காசு, பாதி பேருக்கு அவன் காசு. செல பேரு ரெண்டு பக்கமும் கைய நீட்டியிருந்தானுங்க.

அந்த மட்டைங்களுக்கு இருந்த மரியாத இருக்குதே, அட அட. ஒவ்வொண்ணுக்கும் தலையில கம்பளிக் குல்லா. குல்லாவுக்கு மேல துணி. துணிக்கு வெளிய கூடாரம். கூடாரத்துக்கு வெளிய ஒரு காவலாளி. அவன் காசு வாங்கிக்கினு உள்ள விட்ருவானோன்னு அவனப் பாத்துக்க இன்னொரு காவலாளி. நான் டீ கொண்டு போனா கெட்டில் மூடிய தெறந்து டார்ச் அடிச்சிப் பாத்தான். "இன்னாய்யா தேடுற?"ன்னேன். "லென்ஸ்"ன்னான். டீக்குள்ள லென்ஸ வெச்சி எவன்டா போட்டோ புடிப்பான்? கேட்டா நான் நீலத் தொப்பி ஆளுன்னு சொல்லுவான்னு கம்முனு வந்துட்டேன். நீலக் கூடாரத்துக்குப் போனா, சிவப்புக் கூடாரத்துல எத்தினி பேரு சக்கர கம்மியா குடிக்கிறாங்கன்னு கேட்டான். அதுல இன்னா ரகசியமோ!

போட்டிக்கு முந்தின நாள் விடியகாலை. போட்டிய நடத்துற டைரக்டர் தெய்வசிகாமணி, ஏதோ பெரிய ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவரு, அக்கினி வெயில்லயும் கோட்ட கழட்ட மாட்டாரு, தைலக்கா கூட்டத்தக் கூப்பிட்டு கடைசிக் குழிப் பக்கம் அனுப்பிச்சாரு. "நாளைக்கு டிவி வருது. ஒரு களை என் கண்ணுல படக் கூடாது"ன்னுட்டு டிபனுக்குப் போயிட்டாரு. அதுவரைக்கும் எல்லா குழி வட்டத்தையும் சுத்தி கயிறு கட்டி, ஆட்டக்காரங்களையும் புல்லு டாக்டர்னு ஒருத்தரையும் தவிர யாரையும் கிட்ட விடல. அன்னிக்கி டிவிக்காக கயித்த அவுத்துட்டாங்க.

நம்ம பொம்பளைங்க போயி பாத்தா, நடு நெலத்துல, வட்டமா, அருகு, அதான் அருகம்புல்லு. அதுவும் முப்பது வருசமா அவங்க எடுத்து எடுத்து ஒழிச்ச அதே நெலத்துல. மல்லாட்டைக்குள்ள அருகு வந்துட்டா அந்த வருசம் வெள்ளாம காலி, அது இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும். அதுல ரங்கம்மான்னு ஒருத்தி வாயில அடிச்சிக்கினு, "ஐயோ, எத்தினி தூரம் ஓடியிருக்குது பாருக்கா!"ன்னுச்சாம். தைலக்கா முந்தானிய இழுத்து சொருகிக்கினு உக்காந்துச்சு. ஏழு பேரும் வரிசை புடிச்சாங்க. களைக்கொத்தால கிளறி, வேரோட இழுத்து, மண்ண ஒதறி, ஓரமா குமிச்சிட்டாங்க. ஒரு கண்ணு வுட்டா மறுபடி தழைச்சிக்கும்னு மண்ண கையால தொழாவித் தொழாவி எடுத்தாங்க. எடுத்த எடத்த அப்படியே வுட்டா அசிங்கமா இருக்குமேன்னு கட்டி ஒடச்சி, தண்ணி தெளிச்சி, கட்டையால தட்டி களம் மாதிரி சமன் பண்ணிட்டு, டீ குடிக்க என் கடைக்கு வந்துட்டாங்க. அத்தினி பேரு முகத்துலயும் ஒரு திருப்தி. "இந்த வேலை பாத்துட்டு நிரந்தரமா வெச்சிக்குவாங்க பாரு"ன்னு தைலக்கா சொல்லிச்சு.

அத்தினி காவலும் மட்டைக்குத்தான். புல்லுக்கு ஒருத்தன் இல்ல.

டிபன் முடிச்சி வந்த தெய்வசிகாமணி போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டுச்சு. அந்தப் புல்லு அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த புல்லாம், நம்ம அருகோட ஜாதியாம். புல்லு டாக்டரு மண்ணுல உக்காந்து ஒரு வேர கையில வெச்சிக்கினு கண்ணு கலங்குறாரு. சிவப்புத் தொப்பி மேனேஜரு ஓடியாந்தாரு. "இது நீலத் தொப்பிக்காரங்க வேலை! எங்க மட்டை புல்லைப் படிக்கும். புல்லே இல்லன்னா எதைப் படிக்கும்?"னு குதிச்சாரு. நீலத் தொப்பி மேனேஜரு அதுக்கு மேல. "உங்க மட்டை நேத்து பிராக்டீஸ்ல ஒண்ணையும் படிக்கலை. மானம் போகக் கூடாதுன்னு நீங்களே ஆள் வெச்சுப் பிடுங்கிட்டீங்க!" ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாலும் ஒரு விசயத்துல ஒத்துப் போனாங்க: எவனோ காசு குடுத்துதான் இது நடந்திருக்குது.

புதுப் புல்லு வர நாளாகும். டிவி நேரத்த வித்தாச்சு, ஆட்டத்த நிறுத்த முடியாது. ரூல் புக்க வெச்சிக்கினு உக்காந்து பேசி, அந்த மண்ணுக்கு 'புல் எதிர்பார்க்கப்படும் நிலம்'னு பேரு வெச்சாங்க. பேரு வெச்சதும் எல்லாருக்கும் கொஞ்சம் மனசு ஆறிடுச்சு.

ஆனா யாரு செய்யச் சொன்னதுன்னு தெரியணுமே. கண்ணாடி ரூம்புல விசாரணைக் கமிட்டி உக்காந்துச்சு. தெய்வசிகாமணி தலைவரு, ரெண்டு தொப்பி மேனேஜருங்க, அப்புறம் ஊரு மனுசன்னு சுப்புராயன் ஐயா. ஏழு பொம்பளைங்களும் வெளிய பந்து பொறுக்குறவங்க கொட்டாயில உக்காந்திருக்கணும், வேலை கெடையாது, கூலி கெடையாது. யாரு அனுப்பினதுன்னு சொல்லிட்டா வுட்ருவாங்க. சொல்லலன்னா போலீசு, வேலையும் போச்சு.

தெய்வசிகாமணி தொண்டைய செருமிக்கினு ஆரம்பிச்சாரு. நான் டீய ஊத்திக்கினே கேட்டேன்.

"தைலம்மா, இது நேர்மையின் ஆட்டம். கால்பந்துக்கு ரெஃப்ரி வேணும், கிரிக்கெட்டுக்கு அம்பயர் வேணும். கோல்ஃப்ல ஆடறவரே தன் தப்பைத் தானே ஒத்துக்குவார். அவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கையைக் காப்பாத்தத்தான் மரத்துக்கு மரம் கேமரா, குழிக்குக் குழி ரெஃப்ரி, மட்டையைச் சோதிக்க ஒரு மெஷின், அந்த மெஷினைச் சோதிக்க இன்னொரு மெஷின் எல்லாம் வெச்சிருக்கோம். இப்ப நேர்மையா சொல்லு. யார் உன் ஸ்பான்சர்?"

"அப்படின்னா இன்னாங்க?"

"யார் உன்னை அனுப்பினாங்க?"

"காலையில எங்கூட்டுலேர்ந்து நானாத்தாங்க வந்தேன்."

"யாரும் சொல்லாம அந்தப் புல்லைப் பிடுங்கினியா?"

"களை ஒண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அருகு இருந்துச்சு, எடுத்தோம். இதுக்கு வேற எவன் வந்து சொல்லணும்?"

"நான் களையைத்தான் சொன்னேன், கிரீனைச் சொல்லலை. நோட் பண்ணுங்க, விசாரணை அதிகாரி மேலேயே பழி போடறாங்க." அவரு நாற்காலியில சாஞ்சிக்கிட்டாரு. "பாரும்மா. இங்க கொடிக்கம்பத்துக்கு ஒரு ஸ்பான்சர் இருக்கான். என் கோட்டுக்கு ஒரு ஸ்பான்சர் இருக்கான். ஆட்டக்காரர் அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் பேசாம இருக்கிறோமே, அந்த அமைதிக்கே காது மெஷின் கம்பெனி ஒண்ணு ஸ்பான்சர். அப்படியிருக்க, யாரும் பணம் குடுக்காம ஒரு பொம்பளை ஒரு வேலையை இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கான்னு நான் எப்படி ரிப்போர்ட் எழுதறது?"

அந்த சுத்தம்தான் அவங்கள ஜாஸ்தியா உறுத்துச்சு. சும்மா செஞ்சிருந்தா அரையும் கொறையுமா இல்ல இருந்திருக்கும்?

அடுத்தது தொப்பி. வெயிலுக்குன்னு ரெண்டு கம்பெனியும் ஊரெல்லாம் தொப்பி வாரி எறச்சிருந்தாங்க. கூட்டத்துல மூணு பேரு தலையில சிவப்பு, மூணு பேரு தலையில நீலம். ரங்கம்மா மட்டும் நீலத்துக்கு மேல சிவப்பு போட்டிருந்துச்சு, மணல் கூடைக்கு சும்மாடா இருக்கட்டும்னு. அத கேமராவுல பெருசு பண்ணிப் பாத்து ரெண்டு மேனேஜருக்கும் வேர்த்துப் போச்சு. "ரெண்டு பக்கமும் வேலை பாக்கறாங்க"ன்னு தெய்வசிகாமணி மெதுவா சொன்னாரு. அதுலேர்ந்து ரங்கம்மாவ மட்டும் தனியா உக்கார வெச்சாங்க. அது பாவம், பயந்துக்கினு ரெண்டு தொப்பியையும் மடியில வெச்சிக்கினு அழுதுக்கினே இருந்துச்சு.

அப்புறம் களைக்கொத்த புடிங்கினாங்க. அத ஒரு வெள்ளத் துணியில சுத்தி, கையில உறை போட்டுக்கினு, மட்டை சோதிக்கிற கூடாரத்துக்குத் தூக்கிக்கினு போனாங்க. நீளம் அளந்தாங்க, எடை போட்டாங்க, எத்தினி டிகிரி வளைவுன்னு பாத்தாங்க. மெஷினுல வெச்சி அதும் மேல பந்த வுட்டு எவ்ளோ துள்ளுதுன்னு பாத்தாங்க. 'சர்வதேச விதிகளுக்கு உட்படாத கருவி'ன்னு சீட்டு ஒட்டினாங்க. மூஞ்சிய சுளிச்சிக்கினு அத ஓரமா வெச்சாங்களா? கொஞ்ச நேரத்துல சிவப்புத் தொப்பி இன்ஜினியரு ஒருத்தன் யாரும் பாக்காதப்ப செல்லுல போட்டோ புடிச்சிக்கினு போறான். அவன் போனதும் நீலத் தொப்பி இன்ஜினியரு வந்து மண்டி போட்டு புடிக்கிறான். நான் கெட்டில கையில வெச்சிக்கினு ரெண்டு பேரையும் பாத்துட்டேன். ரெண்டு பேரும் என்னப் பாத்துட்டு ஆளுக்கொரு தொப்பி குடுத்தானுங்க.

"இது யார் டிசைன்?"னு அக்காவக் கேட்டாங்க. "சின்னசேலத்துல அம்மாசின்னு கொல்லு பட்டறைக்காரரு, அவரு அடிச்சிக் குடுத்தது"ன்னு அது வெள்ளந்தியா சொல்லிருச்சு. அவ்ளோதான். எதிராளிக்கு சின்னசேலத்துல ரகசிய ஆராய்ச்சிக் கூடம் இருக்குதுன்னு ரெண்டு கம்பெனியும் முடிவு கட்டி, ஆளுக்கொரு கார அனுப்பிச்சாங்க. அம்மாசி அன்னிக்கி மாட்டு வண்டி சக்கரத்து இரும்புப் பட்டாவுக்கு நெருப்பு வெச்சிக்கினு இருந்தாராம். "அடுத்து இன்னா பிளானு?"ன்னு கேட்டிருக்கானுங்க. "அடுத்து சாப்பாடுதான்"னாராம். இது சங்கேத வார்த்தையா இருக்குமோன்னு அவர் சாப்புடுற வரைக்கும் ரெண்டு காரும் அங்கியே நின்னுக்கினு இருந்துச்சாம்.

இதுக்குள்ள ஆட்டம் நடந்துக்கினுதான் இருந்துச்சு. அங்கதான் வேடிக்க. மத்த குழியில எல்லாம் புல்லுல பந்து இப்புடி அப்புடி வளைஞ்சி ஓடி அவனவன் தலையில அடிச்சிக்கினான். கடைசிக் குழியில, நம்ம பொம்பளைங்க தட்டி சமன் பண்ணுன மண்ணுல, பந்து நூலு புடிச்ச மாதிரி ஓடி குழியில வுழுந்துச்சு. எங்க இருந்து உருட்டினாலும் வுழுவுது. டிவிக்காரன் கத்துறான், வெளிநாட்டு ஆட்டக்காரன் மண்ணத் தொட்டுக் கும்புடுறான். கடைசியில ஜெயிச்சவன் கையில சிவப்புத் தொப்பி மட்டை, அவன் உருட்டினது நீலத் தொப்பி பந்து. மறுநாளே ரெண்டு விளம்பரம். 'மண்ணின் மனசையும் படிக்கும் மட்டை'ன்னு இவன். 'மண் இருப்பதையும் அறியாத பந்து'ன்னு அவன்.

அப்ப தைலக்காவுக்கு மாலை போட வேண்டியதுதான? அதான் இல்ல. இப்ப சந்தேகம் திரும்பிக்கிச்சு. மண்ணுல உன் சரக்குதான் ஜெயிக்கும்னு தெரிஞ்சி நீ ஆள் வெச்சியான்னு இவன் அவனக் கேக்குறான், அவன் இவனக் கேக்குறான்.

உண்மையச் சொல்லணும்னா, எனக்கே ஒரு கட்டத்துல சந்தேகம் வந்துருச்சு. இத்தினி படிச்சவங்க, இத்தினி கேமரா, எல்லாரும் ஒரே விசயத்த சொல்றப்ப ஏதாவது இல்லாமலா இருக்கும்னு தோணிச்சு. கொட்டாயில டீ குடுக்குறப்ப அக்கா பக்கத்துல குனிஞ்சி, "எங்கிட்டயாவது சொல்லு, எவனாவது ஏதாவது குடுத்தானா?"ன்னு கேட்டுட்டேன். அது டீ கிளாச கீழ வெச்சிருச்சு. "நீயுமாடா தொர?"ன்னுச்சு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

பரிசு குடுத்த அன்னிக்கி கடைசி விசாரணை. தெய்வசிகாமணி மேசையத் தட்டினாரு. "இன்னைக்கு ஒரு பேர் வேணும். யார் பேரா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா ஒரு பேர் இல்லாம ரிப்போர்ட் முடியாது. இல்லன்னா ஏழு பேரும் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான்."

சிவப்புத் தொப்பி மேனேஜரு அக்கா பக்கமா சாஞ்சி, "பயப்படாதம்மா, நீலம்னு சொல்லு"ன்னாரு. நீலத் தொப்பி மேனேஜரு இந்தப் பக்கமா சாஞ்சி, "சிவப்புன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போ"ன்னாரு. சுப்புராயன் ஐயா வேற, தன் விசுவாசத்தக் காட்டணுமே, "ஏ தைலம்மா, எவன் சொல்லிச் செஞ்ச? அருகு எடுன்னு உனக்கு சொன்னது யாருன்னு சொல்லித் தொலை!"ன்னு அதட்டினாரு.

தைலக்கா அவர நிமுந்து பாத்துச்சு. அது மூஞ்சில கோவம் இல்ல, நெசமாவே ஒரு கொழப்பம்.

"நீங்கதாங்க."

ரூம்புல ஒரு சத்தம் இல்ல. காது மெஷின் கம்பெனிக்காரன் காசு குடுத்தாலும் அப்படி ஒரு அமைதி வராது.

"இன்னா சொல்ற?"

"வரப்பு மேல நின்னுக்கினு நீங்கதாங்க சொல்லுவீங்க, 'இந்த நெலத்துல அருகு ஒரு கண்ணு இருந்தா எவளுக்கும் கூலி கெடையாது'ன்னு. நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அதத்தாங்க சொன்னீங்க."

"ஏய், அது அப்ப! அப்ப அது மல்லாட்டக் கொல்லை!"

"சரிங்க. ஆனா எடுக்காதன்னு எப்பவும் சொல்லலீங்களே."

தெய்வசிகாமணி மூஞ்சில அப்பதான் வெளிச்சம் வந்துச்சு. ஒரு பேரு கெடச்சிருச்சு. அவரு மெதுவா சுப்புராயன் ஐயா பக்கம் நாற்காலியத் திருப்பினாரு. "மிஸ்டர் சுப்புராயன், உங்க ஸ்பான்சர் யாரு?"

"யோவ், இது என் நெலம்யா!"

"இருந்தது. நோட் பண்ணுங்க, நோக்கம் தெரிஞ்சுபோச்சு." ரெண்டு தொப்பி மேனேஜருங்களும் ஒரே நேரத்துல எழுந்து அவர்கிட்டேர்ந்து நாற்காலிய தள்ளிப் போட்டுக்கினாங்க. அவரு பேன்ட்டு பாக்கெட்ட தெறந்து காட்டச் சொன்னாங்க. ஒரு சிவப்புத் தொப்பி, ஒரு நீலத் தொப்பி, ஒரு கடலை மிட்டாயி. சாயங்காலத்துக்குள்ள வைஸ் பிரசிடெண்டு பதவி போச்சு. போறப்ப கேட்டுல அவர்கிட்டயும் பாஸ் கேட்டாங்க.

தைலக்கா கூட்டத்த போலீசுக்கு அனுப்பல. ஆனா வேலையும் இல்லன்னுட்டாங்க. "உங்க மேல தப்பு இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சு. தப்பு செய்யாதவங்களை நாங்க எப்படிக் கண்காணிக்கிறது? ரிஸ்க்கும்மா"ன்னு தெய்வசிகாமணி ரொம்ப மரியாதையா சொன்னாரு. அவரு வாழ்க்கையில பேசுனதுலயே நேர்மையான பேச்சு அதுதான்னு நெனைக்கிறேன்.

ஏழு பேரும் வூட்டுக்குப் போயி துணிமணிய மூட்ட கட்டிக்கினு என் கடை வாசலுக்கு வந்தாங்க. சின்னசேலம் பஸ்ச புடிச்சி, அங்கிருந்து ரயிலு. தைலக்கா யாரு மூஞ்சியையும் பாக்கல. "நான்தான் கூட்டியாந்தேன், நான்தான் கெடுத்தேன்"னு ஒரு தடவ சொல்லிச்சு. ரங்கம்மா அது முதுகத் தடவிக் குடுத்துக்கினு இருந்துச்சு. வேற இன்னா பண்றது, எல்லாருக்கும் டீ போட்டேன். காசு வாங்கல.

அப்ப ஒரு கார் வந்து கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. நீலத் தொப்பி மேனேஜரு தொப்பி இல்லாம எறங்கி வந்தாரு. அங்க இங்க பாத்தாரு, என்னை ஒரு மொற மொறச்சாரு, நான் வேணும்னே பெஞ்ச தொடச்சிக்கினு நின்னேன். அவரு அக்காகிட்ட குனிஞ்சி மெதுவா பேசினாரு.

"அடுத்த மாசம் ஊட்டிப் பக்கம் ஒரு போட்டி. ஏழு பேரும் வாங்க. வேன் வரும், சாப்பாடு, தங்க எடம், கூலி எல்லாம் உண்டு. வருசம் பூரா இதே வேலைதான். அங்க போய் நீங்க இங்க செஞ்ச மாதிரியே செஞ்சாப் போதும். யாராவது கேட்டா, யாரும் அனுப்பலை, நாங்களாத்தான் எடுத்தோம்னு சொல்லணும்."

அக்கா அவர ஏற எறங்கப் பாத்துச்சு. "அதத்தான ஐயா இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தேன்? நெசமா சொன்னப்ப நீங்க உட்பட ஒருத்தரும் நம்பல. இப்ப பொய்யா சொன்னா நம்பிடுவாங்களா?"

"நம்புவாங்கம்மா. அதுக்கெல்லாம் நாங்க பணம் குடுத்து ஏற்பாடு பண்ணிருவோம்."

ரங்கம்மா அக்கா கையப் புடிச்சி அமுக்கிச்சு. வருசம் பூரா வேலை. பெங்களூரு போக வாணாம். மத்த பொம்பளைங்களும் மூட்டைய கீழ வெச்சிட்டு அக்கா வாயவே பாத்துக்கினு இருக்காங்க. தூரத்துல பஸ் ஹாரன் கேக்குது.

"சரிங்க, வரோம். ஒண்ணே ஒண்ணு," தைலக்கா சொல்லிச்சு. "சுப்புராயன் ஐயா எத்தினி கெட்டவரா இருந்தாலும், வரப்பு மேல நின்னு ஊரு கேக்க சொல்லுவாரு. நீங்களும் இங்க நின்னு, 'தைலம்மா, நான் சொல்றேன், புல்ல எடு'ன்னு சத்தமா ஒரு தடவ சொல்லிருங்க. வண்டிய வுட்டுட்டு உங்க கூட வரோம்."

மேனேஜரு திரும்பி ரோட்டப் பாத்தாரு. அந்தாண்ட புளியமரத்துக்குக் கீழ இன்னொரு கார் நின்னுக்கினு இருந்துச்சு, கண்ணாடிக்குப் பின்னாடி சிவப்பா ஏதோ தெரிஞ்சிச்சு. அவரு அக்கா காது கிட்ட குனிஞ்சி முணுமுணுத்தாரு.

"கேக்கலீங்க," அக்கா சொல்லிச்சு.

இன்னொரு தடவ முணுமுணுத்தாரு. உதடு அசைஞ்சிச்சு, என் பெஞ்சு வரைக்கும் சத்தம் வரல.

"எனக்குக் கேட்டுருச்சுங்க. ரங்கம்மாவுக்குக் கேக்கல."

பஸ்சு வந்து நின்னுச்சு. கண்டக்டரு "சின்னசேலம், சின்னசேலம்"னு நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துனாரு. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் அந்தாள் வாயப் பாத்துக்கினு நின்னுச்சு. அப்புறம் மூட்டைய எடுத்து இடுப்புல வெச்சிக்கினு ஏறிச்சு, பின்னாடியே மத்தவங்களும் ஏறிட்டாங்க.